கல் சுமந்தவர்களின் பெரட்டு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பதுளையில் எங்கள் கருங்கல் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு நூறு வயதானபோது, வாத்தியார்தானே என்று வரலாறு எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஞாயிறு ஆராதனையில் அதை வாசிக்கவும் வேண்டும்.

முதல்நாள் பிற்பகல் வாசித்துப் பார்க்கப் போனேன். மழை ஓய்ந்து, பனிமூட்டம் வாசல்வரை வந்திருந்தது. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் என் ஊர்க்காரி ராசம்மா கதவைத் திறந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் கோயில் கட்டக் கல்லு தூக்கிச் செத்த பதினோரு பேரையும் போட்டீங்களா சேர்? உங்க பூட்டன் சின்னானும் அதுல இருக்காரே."

போடவில்லை. போட்டால் நான் லுணுகலைப் பக்கம் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் என்பது டவுன் முழுக்கத் தெரிந்துவிடும். மனைவி வீட்டாரிடமே, நாங்கள் கடை வைக்க வந்த குடும்பம் என்றுதான் அளந்திருக்கிறேன். அதெல்லாம் யாருக்கு வேணும் என்று அந்த மனுஷிமேல் எரிந்து விழுந்தேன்.

ஆலயத்தைக் கட்டுவித்த வெள்ளைக்காரத் துரைமார் பெயர்களை வாசிக்கத் தொடங்கினேன்.

ஆலயத்தின் பின்பக்கம் ஏதோ பாரம் இறங்கியது. கல்லோடு கல் உரசும் சத்தம். ஈரச் சாக்கின் வாடை.

நிமிர்ந்தேன். கதவடியில் ராசம்மாவைத் தவிர யாருமில்லை.

"மொட்டையன்."

"இருக்கேங்கய்யா."

"காத்தாயி."

"இருக்கேங்கய்யா."

பெரட்டு. விடியற்காலையில் தோட்டத்தில் கங்காணி பெயர் கூப்பிடுவதை அப்படித்தான் சொல்வோம். வர முடியாதவனுக்காகச் சொந்தக்காரன் குரல் கொடுப்பது எங்கள் லயத்து வழக்கம். கொடுக்காவிட்டால் அவன் அன்றைக்கு ஆளே இல்லை.

பத்துப் பேர் பதில் சொன்னார்கள்.

"சின்னான்."

பதில் இல்லை. கல்லுக்கடியில் போன பூட்டனை வெளியே எடுக்கவே இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவரால் வர முடியாது.

மறுபடியும் கூப்பிட்டார்கள்.

நான் ஒரு சொல் சொன்னால் போதும். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், லயத்துக் குரலில் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த நேரத்திலும்.

கதவடியில் நின்ற ராசம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரோட வம்சம் இங்கதான் நிக்குதுங்கய்யா. வாய் தொறக்க மாட்டேங்குது."

சத்தம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை துரைமார் பெயர்களை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினேன். எல்லாரும் கை கொடுத்தார்கள். ராசம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கு வீட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் யாரோ சின்னானைக் கூப்பிட்டார்கள்.

இந்த முறை பதில் வந்தது.

"இருக்கேங்கய்யா."

என் ஆறு வயது மகள் நிரஞ்சலா. லயத்தை ஒருநாளும் கண்டிராத பிள்ளை. வெறும் முற்றத்தில் கையைக் கட்டி நின்றவள், யாரோ பாரம் ஏற்றிவிடக் காத்திருப்பவளைப் போலத் தலையைத் தாழ்த்தினாள்.

சோப்பு நுரையோடு ஓடினேன். நான்தான் சின்னானின் பூட்டப்பிள்ளை, லயத்துக்காரன், என்மேல் ஏற்றுங்கள் என்று அடுத்த வீட்டார் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

பிள்ளையின் கழுத்து இன்றுவரை நிமிரவில்லை.