ஆள்காட்டி கத்திய திசை

மனிதர் யாராவது நெருங்கினால்தான் ஆள்காட்டிக் குருவி அப்படிக் கத்தும். சித்ராதேவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குருவியோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளே இல்லாத மேற்குப் பக்கம் பார்த்துக் கத்தியது.

தாராபுரத்துக்கு வடக்கே, கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு அது. மாடு மேய்வதற்கென்றே உழாமல் விட்ட புல்நிலம். தரையில் முட்டையிடும் பறவைகளை ஆராய இரண்டு வருடமாக நெருப்பெரிச்சல் ஊரிலிருந்து வண்டியில் வந்துபோகிறாள். இந்தப் பருவத்தில் கூடுகள் ஒவ்வொன்றாக மிதிபட்டு நசுங்கின. உடைந்த ஓடுகளின் மேல் ஊதா நிற ஈரம். காட்டின் மேற்கோரப் பாழுங்கிணற்றில் திருட்டுத்தனமாகச் சாயக்கழிவுத் தண்ணீர் கொட்டும் லாரிக்காரர்கள்தான் தன்னை விரட்டப் பார்க்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். மிஞ்சியது அவள் காலடியில் இருந்த இந்த ஒரு கூடுதான். இதை விடுவதாக இல்லை.

போன் அதிர்ந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆறுமுகசாமி.

"பொழுது உளுந்துருச்சுங்க அம்மிணி. ஊட்டுக்கு வந்துருங்க."

"கூட்டை மிதிக்கிறவங்களப் பாக்காம வரமாட்டேங்கய்யா."

"லாரி வந்தே ஆறு மாசமாச்சுங்க. தண்ணி கொட்ட வந்த பையன் ஒருத்தன் கெணத்துல உளுந்தானுங்க. அன்னைக்கோட நின்னு போச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் அவனை எடுக்கலீங்க. கேட்டு ஆரும் வரலீங்க."

அவள் பதில் சொல்வதற்குள் அந்த வாடை வந்தது. மழை பெய்து மாதக்கணக்கான காட்டில், காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் மணத்தை அமுக்கிக்கொண்டு, சாயப்பட்டறைச் சந்தில் மூக்கை அரிக்குமே, அதே காரமும் ஈரத்துணி புழுங்கும் நாற்றமும் கலந்து, கிணற்றுப் பக்கமிருந்து மெல்ல மெல்லத் தரையோடு தவழ்ந்து அவளிடம் வந்தது. ஜோடிக் குருவிகள் இரண்டும் மேலெழும்பி, வெற்று வெளியில் ஓரிடத்தைக் குறிவைத்துப் பாய்ந்தன. ஓர் ஆளின் தலை உயரத்தில், எதன் மேலோ மோதாமல் தப்புவது போல வெட்டித் திரும்பின.

அந்த இடத்துக்குக் கீழே புல் மடங்கியது.

மடங்கிய புல் நிமிரவில்லை. அடுத்த அடியில் இன்னொரு கொத்து மடங்கியது. வறண்ட செம்மண்ணில் ஊதா நிறத்தில் ஒரு பாதம் ஊறியது. பிறகு மற்றொன்று. ஐந்து விரல்களும் தெளிவாக.

வண்டி வேலியோரம் நின்றது. ஓடினால் போய்விடலாம். கால்கள் ஓடத்தான் துடித்தன. அப்போது காலடியில் மெல்லிய கீச்சொலி. குனிந்தாள். ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது; உள்ளிருந்து குஞ்சு ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

சித்ராதேவி எழுந்தாள். கூட்டுக்கும் அந்தக் கால்களுக்கும் நடுவே போய் நின்றாள்.

"வராத." குரல் உடைந்தது. மறுபடி சொன்னாள். "இதுக்கு மேல ஒரு எட்டு வைக்கக் கூடாது. ஒன்னைய எடுக்காம விட்டது தப்புதான். அதுக்கு இதுக என்ன செய்யும்?"

பாதம். பாதம். கை எட்டும் தூரம்.

நின்றது.

கன்னத்தில் ஈரக்காற்று. யாரோ மூச்சு விடுவது போல. அவள் கண்ணை மூடவில்லை. நகரவில்லை.

பாதங்கள் பக்கவாட்டில் விலகின. அவளும் திரும்பினாள். சுற்றின. அவளும் சுற்றினாள். கடைசியில் அவை அடங்கின. தாய்க்குருவி இறங்கி, அவள் கால்களுக்கு இடையே நடந்து வந்து முட்டைகள் மேல் அமர்ந்தது. அவளுக்கு அழுகை வந்தது. ஜெயித்துவிட்டாள்.

குருவி கழுத்தை நீட்டியது. கிணற்றைப் பார்த்தது. கத்தியது.

கிணற்றுப் பக்கம் புல் மடங்கியது. ஓரிடத்தில் அல்ல. இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரைக்கும், காட்டின் அகலம் முழுக்க, ஒரே வரிசையாக. பெரிய பாதங்கள். சிறிய பாதங்கள். தவழ்பவை போல உள்ளங்கைகள்.

கிணற்றில் விழுந்ததாக ஆறுமுகசாமி சொன்னது ஒருவனைத்தான். கேட்டு யாரும் வராதவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

சித்ராதேவி காலை இன்னும் அகட்டி ஊன்றினாள். இரு கைகளையும் விரித்தாள்.

"வாங்க" என்றாள்.

வரிசை அடுத்த அடியை எடுத்து வைத்தது.