இடக்கண் துடித்த பக்கம்

அன்று மாலை வெளியிட வேண்டிய கவிதைப் புத்தகம் அது. அச்சகத்திலிருந்து வந்திருந்த நாற்பது பிரதிகளிலும் ஒரே ஒரு தாளைக் காணவில்லை. யாரும் கிழிக்கவில்லை, கத்தியால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள்.

காலை ஒன்பது மணி. இத்தாலியின் பலேர்மோ நகரில், வியா மக்வேதா தெருவில் விடாத மழை. மூன்றாம் மாடி வீட்டில் இன்ஸ்பெக்டர் கேசிகா, பலேர்மோவிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பெண், ஈரக் கோட்டுடன் பிரதிகளைப் புரட்டினாள். வீட்டுக்காரர் அலன் பெக்ஃபோர்ட் முன்பு ஆஸ்திரேலியாவில் குடிவரவு அமைச்சர். படகில் வந்தவர்களைத் தீவு முகாமில் அடைத்துப் பேர் வாங்கியவர். பதவி போன பிறகு மனிதருக்குக் கவிதை வந்துவிட்டது.

“வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?”

“என்னிடம். மார்த்தினாவிடம். வேலைக்கு வரும் ஞானம்பிகையிடம்.”

மார்த்தினா கவிதைகளை இத்தாலியனில் மொழிபெயர்த்தவள். அட்டையில் தன் பெயர் இல்லையென்று முதல்நாள்தான் சண்டை பிடித்திருந்தாள்.

“சண்டை பிடித்தேன். வெட்டவில்லை” என்றாள்.

“பின்னே வேறு யார்?” என்றார் பெக்ஃபோர்ட். “ஞானம்பிகைக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. நான் கண்ணாடி முன் நின்று இத்தாலியனில் வாசித்துப் பழகும்போது அவள் பாட்டுக்குத் தரை துடைப்பாள். கவிதைக்கும் அவளுக்கும் வெகு தூரம்.”

கேசிகா ஒரு பிரதியை விரித்தாள். இடப்பக்கம் ஆங்கில மூலம், வலப்பக்கம் அதன் இத்தாலியன். போயிருந்தது வலப்பக்கத் தாள். ஆங்கிலம் அப்படியே இருந்தது. வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

‘என் இடக்கண் துடிக்கிறது, நல்ல சேதி வரும். கதவுக்கும் கண் இருந்தால் துடிக்கட்டும்.’

குசினியில் ஞானம்பிகை கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

“அன்ரி, உங்களுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியும்தானே?”

“ஓம் பிள்ளை. இஞ்சை இருக்க விடுற பெர்மெஸ்ஸோ கடதாசியெல்லாம் நானேதான் வாசிக்கிறனான்.”

“வேலை போனால் அந்தப் பெர்மெஸ்ஸோவும் போகும். தெரிஞ்சுதான் வெட்டினனீங்களோ?”

ஞானம்பிகை குழாயைப் பூட்டினாள். கடைப்பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினாள். ஒன்றுகூடக் கசங்கவில்லை.

கேசிகா கூடத்துக்குத் திரும்பினாள்.

“மார்த்தினா இல்லை. இந்தக் கவிதையை ஒழிக்க நினைப்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் எதிர்ப்பக்கத்தை விட்டிருப்பாரா? இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாதவர் வெட்டியது இது. வெட்டியவர் ஞானம்பிகை.”

“அவளா? எதற்கு?”

“எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. ஆணுக்கு இடக்கண் துடித்தால் கெட்டது, பெண்ணுக்குத்தான் நல்லது. தீவு முகாமை ஆண்ட மனிதரின் புத்தகத்துக்குள் ஒரு தமிழ்ப் பெண் எப்படி வந்தாள்?”

பெக்ஃபோர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “முகாம் சுவரில் எழுதியிருந்தது. யாரோ மொழிபெயர்த்துத் தந்தார்கள். சுவரில் இருப்பது எவருக்கும் சொந்தமில்லை என்று நினைத்தேன்.”

வாசலில் நின்ற ஞானம்பிகைக்குக் கேசிகா அதைத் தமிழில் சொன்னாள்.

“என்ரை தங்கச்சி இராசேஸ்வரி எழுதினது” என்றாள் அவள். “போனிலை எனக்குச் சொன்னவள். கண் துடிக்குது அக்கா, விடப்போகினம் எண்டு. அடுத்த கிழமை அங்கையே செத்துப்போனாள். அதை இவர் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு சொல்லேக்கை எனக்குத் தாங்கேலாமல் போச்சு.”

பெக்ஃபோர்ட் புகார் எழுதவில்லை. எழுதினால் இடப்பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஞானம்பிகையின் பெர்மெஸ்ஸோ அடுத்த மாதம் முடிகிறது. வேலை இல்லாமல் புதுப்பிப்பது கடினம். சுவரிலிருந்து கவிதையை எடுத்த அந்த முதல் திருட்டுக்குச் சட்டத்தில் பிரிவு தேடியும் கிடைக்காத கேசிகாவுக்குத் தன் உத்தியோகத்தின் மீதே வெறுப்பு வந்தது.

இருவரும் படி இறங்கினார்கள்.

“நான்தான் எண்டு எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிச்சனீர்?”

“இங்கிலிஷ் பக்கத்தை விட்டிட்டீங்கள், அன்ரி. அதுவும் அதே கவிதைதான்.”

ஞானம்பிகை கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“எல்லாப் புத்தகத்திலையுமோ?”

“ஓம்.”

“அப்ப அவள் இன்னும் உள்ளுக்கைதான் இருக்கிறாளோ?”