அத்தாழப் பட்டினிக்காரர் உண்டோ

கர்க்கடக மாத மழை சற்று விட்டிருந்த ஒரு சாயங்காலம், பைலியின் வள்ளத்தில் ஏறி பிரஸீதா நெடுவரம்பத்து வீட்டுக்கு வேலை கேட்டுப் போனாள். குட்டநாட்டில் அந்த வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. நாலு பக்கமும் வயல், வயல் நிறைய வெள்ளம், நடுவே மேட்டின்மேல் கறுத்துப்போன ஓட்டுக்கூரை. வள்ளக்காரர்கள் திசை பார்ப்பதே அதை வைத்துத்தான்.

"பி.ஏ. படிச்சுட்டு கதை சொல்ற வேலையா மோளே?" என்றார் பைலி, கழியை ஊன்றியபடி.

"இறால் உரிக்கிறதுக்குத் தேவலை சேட்டா."

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வாங்கி என்ன, அம்மாவோடு உட்கார்ந்து இறால் உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. இந்த வேலை கிடைத்தால் அம்மாவை அந்த ஐஸ் தண்ணீரை விட்டு எழுப்பிவிடலாம். இன்றைக்கு ஒரு நாள் வாயை அடக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

கூரை போட்ட வெளிவாசலான படிப்புரையில் பாலகோபாலக் குருப்பு கையில் போனோடு நின்றிருந்தார். வீட்டை விருந்தினர் விடுதியாக்கிய பெருமை முகத்தில் தெரிந்தது.

"இங்க நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லை, கேட்டியா" என்றார்.

அவள் கேட்கவில்லை. கேட்காமலே இதைச் சொல்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

வேலை சுலபம்தான். அந்தக் காலத்தில் இந்த வீட்டுப் பெரியவரான காரணவர் தினமும் கதவு சாத்தும் முன் விளக்கோடு படிப்புரைக்கு வந்து, வெளியே பார்த்து மூன்று தரம் கூப்பிட்டுக் கேட்பாராம், அத்தாழப் பட்டினிக்காரர் உண்டோ என்று. ராச்சோறு சாப்பிடாதவன் எவனாவது குரல் கொடுத்தால் அவனுக்குச் சோறு போட்ட பிறகுதான் கதவு. தன் அப்பா காலத்தில் நின்றுபோன அந்த வழக்கத்தை விருந்தினருக்காகக் குருப்பு மறுபடி நடத்தப்போகிறார். கூப்பிடுவது பிரஸீதா.

"கூப்பிட்டு முடிச்சு, இந்த வட்டாரத்துல ஒருத்தனும் பசியோட படுத்ததில்லைன்னு சொல்லணும். இன்னிக்கு ஒரு படம் எடுத்து நாளைக்கு வர்ற விருந்தாளிகளுக்கு அனுப்பறேன். நல்லா வந்தா நாளைலேர்ந்து வேலைக்கு வா."

ஒருத்தனும் பசியோடு படுத்ததில்லை. பிரஸீதா நாக்குவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

இருட்டினால் படம் விழாது என்று அப்போதே விளக்கை ஏற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் வயலைப் பார்த்து நின்றாள்.

"அப்படி நின்னா உன் முதுகைத்தான் எடுக்கணும். இப்படித் திரும்பு. பின்னால வெள்ளம் விழட்டும்."

"வெளிய பாத்துக் கேக்கறதுதானே சாரே வழக்கம்?" கீழே வள்ளத்திலிருந்து பைலி கேட்டார்.

"வழக்கத்தை வீட்டுக்காரன் எனக்கு நீ சொல்லித் தராதே."

அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். முற்றத்துக்கு அப்பால் நெல்லறையின் கனத்த பலாமரக் கதவு. விளக்கைத் தூக்கிக் கூப்பிட்டாள்.

"அத்தாழப் பட்டினிக்காரர் உண்டோ?"

வயலில் தவளைச் சத்தம் நின்றது.

மறுபடி கூப்பிட்டாள். ஈரநெல் புழுங்கும் நாற்றம் முற்றத்தைக் கடந்து வந்தது. அந்த அறையில் நெல் வைப்பதை நிறுத்திப் பல காலமாகிறது.

மூன்றாவது தரம் அவள் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உண்டு."

பெண் குரல். தண்ணீர் கண்டிராத தொண்டை. வெளியிலிருந்து வரவில்லை. நெல்லறைக்கு அடியிலிருந்து வந்தது.

குருப்பின் கை தாழ்ந்தது. யார் அது என்று அவர் கேட்கவில்லை. அதுதான் பிரஸீதாவுக்கு முதலில் உறைத்தது.

"கேக்காத மாதிரி இரு" என்று கிசுகிசுத்தார். "கதவைச் சாத்து. சாத்திட்டா அடங்கிரும். அவர் அப்படித்தான் சாத்தியிருக்கார்."

"எவர்?"

அவள் விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பஞ்சம் வந்த வருஷம்" என்றார் குருப்பு. "குறும்பான்னு ஒருத்தி. அறுப்புக்காரி. மடியில ஒரு பிடி நெல்லு எடுத்துட்டா. காரணவர் நெல்லறைக்கு அடியில போட்டுப் பூட்டிட்டார். சும்மா ஒரு மிரட்டலுக்கு. அப்புறம் மறந்துட்டாங்க."

"மறக்கலை. தினமும் இங்க வந்து கேட்டிருக்கார் இல்ல?"

"கேட்டார். அவ குரல் கொடுத்தா. வெளிய இருக்கறவங்களுக்குத்தானே சோறு, அவ உள்ள இருந்தா. குரல் நிக்கிற வரைக்கும் தினமும் கேட்டுட்டுச் சாத்தினார். அப்பா சொன்னப்ப நான் நம்பலை."

"உண்டு" என்றது குரல். இப்போது கொஞ்சம் பக்கத்தில்.

பிரஸீதா விளக்கை முற்றத்தில் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனாள். விருந்தினருக்கென்று கர்க்கடக மருந்துக்கஞ்சி பானை நிறைய இருந்தது. அவள் ஆட்கள் பட்டினியில் செத்த மாதத்தில் இவர்கள் உடம்பு தேற்றக் கஞ்சி விற்கிறார்கள். பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குருப்பு நெல்லறை வாசலை மறித்து நின்றார்.

"வேண்டாம். சொன்னா கேளு. உங்காளுக யாரும் இந்தப் படி மிதிச்சதில்லை."

"அடியில ஒருத்தி இருக்காளே சாரே."

"உள்ள கால் வெச்சா உனக்கு வேலை கிடையாது."

அம்மாவின் விரல்கள் ஒரு நொடி அவள் கண்ணில் வந்துபோயின. தோளால் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

தரைப்பலகை ஒன்று ஏற்கனவே பெயர்ந்திருந்தது.

கீழே ஒன்றும் தெரியவில்லை. நாற்றம் மட்டும். முழங்காலிட்டுப் பானையை இருட்டுக்குள் இறக்கினாள். கை முழுதும் இறங்கியது. அப்போது பாரம் குறைந்தது. யாரோ இரண்டு கையாலும், சிந்தாமல், பதனமாக வாங்கிக்கொண்டார்கள்.

அவள் விரல்மேல் ஒரு விரல் பட்டது. சில்லென்று, வெடித்துப்போய், அவள் விரலைப் போலவே.

பிரஸீதா எழுந்தாள். ஓடவில்லை. முற்றத்தில் மல்லாந்து விழுந்திருந்த போனைத் தாண்டி, குருப்பைப் பார்க்காமல், படி இறங்கி வள்ளத்தில் ஏறினாள்.

"என்னாச்சு மோளே?"

"வேலை போச்சு. கழியைப் போடுங்க."

பாதி வயல் கடந்திருப்பார்கள். பின்னால் படிப்புரையிலிருந்து அதே பெண் குரல் எழுந்தது. வயிறு நிறைந்த குரல். இந்தத் தரம் வெளியே பார்த்துக் கேட்டது.

"அத்தாழப் பட்டினிக்காரர் உண்டோ?"

கதவைச் சாத்த குருப்பு ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு சாத்திய சத்தம் கேட்கவில்லை.

இடது பக்க வரப்பிலிருந்து ஒருவர் சொன்னார், "உண்டு."

வலது பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைக் குரல், "உண்டு."

பிறகு வெள்ளம் முழுவதும். வீடே இல்லாத இடங்களிலிருந்தெல்லாம்.

பைலி கழியை மெல்லத் தண்ணீரை விட்டு எடுத்து மடியில் கிடத்திக்கொண்டார்.

"போங்க சேட்டா" என்றாள் பிரஸீதா.

"பொறு. வழி விடணும். யார் மேலயாவது பட்டுரும்."

வள்ளம் அசையாமல் நின்றது. அதன் இரண்டு பக்கமும், இடுப்பளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, ஆட்கள் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார்கள்.