காணாமல் போன மாடிப்படி

அந்த அம்மா கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல இடுப்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். "குடும்மா, நான் தூக்கறேன்" என்று மகள் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்ததை அவர் காதில் வாங்கவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்து, கைக்குட்டையால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்தார்.

"டாக்டர் யாரு?"

கடையில் இருவர் இருந்தார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண்மணியை எல்லோரும் டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். கீழே மருந்துக்கடை இருப்பதால் காய்ச்சல்காரர்களும் சில நாள் தவறிப்போய் மேலேறி வந்துவிடுவதுண்டு. இன்னொருவர் பிரிண்டருக்கு மை விற்பவர். எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை செய்யும் பழக்கத்தால் அவருக்கு வக்கீல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மை விற்ற நேரம் போக மீதியெல்லாம் அவர் இங்கேதான்.

"நான்தாம்மா. உக்காருங்க," என்றார் டாக்டர்.

"உக்கார வரலை. எங்க வீட்டுல திருட்டுப் போயிருக்கு."

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன போச்சு?"

"மாடிப்படி."

வக்கீல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "சொல்லுங்க," என்றார்.

அந்த அம்மாவும் கணவரும் ஒரே அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டவர்கள். கல்யாணமான புதிதில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்காரர் மொட்டை மாடிக் கதவைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருந்தார். காலி செய்த நாள் வரை இவர்கள் மாடியைப் பார்த்ததே இல்லை. பிறகு கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதில் வீடு வரையும் மென்பொருள் ஒன்று இருந்தது. வரைந்த வீட்டுக்குள் அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி நடந்தும் பார்க்கலாம். இருவரும் சேர்ந்து அந்த வாடகை வீட்டை அதில் அப்படியே கட்டினார்கள். சுவரில் இருந்த விரிசல்கூட விட்டுப்போகவில்லை.

"அப்புறம் புதுசு புதுசா கம்ப்யூட்டர் வந்துச்சு. அந்தப் பழைய சமாச்சாரம் எதுலயும் ஓடலை," என்றார் அம்மா. "அவர் விடலையே. புது கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதுக்குள்ள வீட்டைக் குடிவச்சாரு."

"விர்ச்சுவல் மிஷின்," என்று வக்கீல் தலையாட்டினார். "ஒரு ஜன்னலுக்குள்ள முழு கம்ப்யூட்டர். அதுக்கு நிஜமா ஒடம்பு கிடையாது. ஆனா தனக்கு இருக்குன்னு நம்பிக்கிட்டு ஓடும்."

"அதேதான். ரிட்டயர் ஆனப்புறம் அதுலயே உக்காந்திருந்தாரு. மொட்டை மாடி கட்டறேன்னாரு. கூடத்துக் கடைசியில படிக்கட்டு வச்சதை நானே பார்த்தேன். ஏறவிடலை. வேலை பாக்கி இருக்குன்னாரு. ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப, 'மாடி ரெடி, வீட்டுக்கு வந்ததும் கூட்டிட்டுப் போறேன்'னாரு." அம்மா பெட்டியின் முகத்தை மறுபடி துடைத்தார். "வரலை."

"இப்ப?"

"வீடு இருக்கு. படிக்கட்டு இல்லை. அந்த இடத்துல வெறும் சுவர். இது என் கொழுந்தன் வேலை."

கணவரின் தம்பி சோபா தைக்கும் கடை வைத்திருப்பவர். சிறுவயதில் இருந்து இவர்கள் வீட்டில் வளர்ந்தவர். அண்ணன் விளையாட்டாக அவரை அந்தக் கம்ப்யூட்டர் வீட்டில் ஒரு பூனையாக்கி ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. "சாப்பிட மட்டும் வந்துட்டுப் போறேன்னு குத்திக் காட்டறியா?" என்று கத்திவிட்டுப் போனவர், அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் திரும்பி வந்தார். அப்போது வீட்டில் வெள்ளையடிப்பு வேலை நடந்ததால் கம்ப்யூட்டர் அவர் கடையில் போய் இருந்தது. பிறகு மகள் இந்தப் புதுப் பெட்டியை வாங்கி, அங்கே போய் எல்லாவற்றையும் இதில் மாற்றிக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வாரம் வீட்டைப் பூட்டிட்டு இவகூடப் போறேன்," என்றார் அம்மா. "அதுக்குள்ள தெரியணும். அவன்தான்னு ஆச்சுன்னா, இனிமே அவன் முகத்துல முழிக்க மாட்டேன். என் சாவுக்கும் வராதேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவேன்."

மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பெட்டியை இணைத்து, அந்த மெய்நிகர் இயந்திரத்தை முடுக்கினார். ஜன்னலுக்குள் கருப்புத் திரை, வெள்ளை எழுத்துகள், பிறகு அந்தப் பழைய தொடக்க இசை. வக்கீலுக்குத் தன் பழைய கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம் அது. மானிட்டருக்கு அவர் மனைவி பூப்போட்ட துணியில் உறை தைத்திருந்தாள். அதைத் தினமும் சாயங்காலம் மாட்டிவிடுவது வீட்டில் பெரிய சடங்காக இருந்தது. உறை எங்கே போனதென்று நினைவில்லை. இசை மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டின் கதவு திறந்தது. டாக்டர் மெதுவாக நடத்திக்கொண்டு போனார். கூடம், விரிசல் விட்ட சுவர், ஒரே ஒரு ஜன்னல்.

"பூனை?" என்றார் டாக்டர்.

"அதையும் காணோம். பார்த்தீங்களா? தன்னையும் அழிச்சிட்டு, கையோட படிக்கட்டையும் அழிச்சிருக்கான்."

"தெளிவான வழக்கு," என்றார் வக்கீல்.

சமையலறைக்குள் போனதும் டாக்டரின் விரல் நின்றது. குழாயிலிருந்து நீலப் புள்ளி ஒன்று வடிந்து வடிந்து விழுந்துகொண்டிருந்தது.

"இந்தக் குழாய் எப்பவுமே சொட்டுமா?"

"அந்த வீட்டுல சொட்டும். அதனால இதுலயும் சொட்ட விட்டிருந்தார். கடைசியில, 'நிஜத்துலதான் சரி பண்ண முடியலை, இதுலயாவது பண்ணுவோம்'னு நிறுத்தினாரு." அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "இப்ப மறுபடி சொட்டுதே!"

டாக்டர் மகள் பக்கம் திரும்பினார். "இந்தப் பெட்டியில இதை முதல் தடவை திறந்தப்ப ஏதாவது சொல்லிச்சா?"

"சரியா மூடலைன்னு திட்டுச்சு. நீலத் திரையில ஏதோ சரிபார்க்கறேன்னு எண்ணிக்கிட்டே இருந்தது. அப்புறம் தானா வந்துடுச்சு."

"அவரா? மூடாம எழுந்திருக்கவே மாட்டாரே!" என்றார் அம்மா. "இடி இடிச்சாலும் முறைப்படி மூடிட்டுத்தான் நகருவாரு."

"கொழுந்தனாரை நாளைக்கு வரச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

மறுநாள் சோபாக்காரர் வந்தார். சட்டை முழுக்கப் பஞ்சுத் துணுக்கு. அண்ணியைப் பார்த்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரமாகவே நின்றுவிட்டார்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "கம்ப்யூட்டர் உங்க கடையில இருந்தப்ப அதைத் தொட்டீங்களா?"

சோபாக்காரர் அண்ணியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"நான்தான் அழிச்சேன்," என்றார்.

"டேய்!" அண்ணியின் குரல் உடைந்தது.

"கோவத்துல பண்ணிட்டேன் அண்ணி. படிக்கட்டை அழிச்சேன். வேற எதையும் தொடலை."

வக்கீல் வெற்றியோடு டாக்டரைப் பார்த்தார். டாக்டரோ அவசரமே இல்லாமல் கேட்டார்: "பூனையை விட்டுட்டீங்களா?"

"அது கெடக்கட்டுமே. ஜன்னல்லதான் உக்காந்திருக்கும்."

"இல்லை. அதுவும் போயிடுச்சு. உங்களுக்குத் தெரியாது, ஏன்னா நீங்க உள்ள போகவே இல்லை."

வக்கீலுக்குத் தன் வழக்கு கைநழுவுவது புரிந்தது. "அப்ப அழிச்சது யாரு?"

"யாரும் அழிக்கலை," என்றார் டாக்டர். "அழிக்க வர்றவன் இருக்கறதை எடுப்பான். சரி பண்ணின குழாயை மறுபடி சொட்ட வைப்பானா? அங்க பொருள் காணாமப் போகலை வக்கீலய்யா. நாள்தான் காணாமப் போயிருக்கு. படிக்கட்டு, பூனை, குழாய் எல்லாமே கடைசியில பண்ணினது. அந்த வீடு ஒரு பழைய நாளுக்குத் திரும்பிப் போயிருக்கு."

"அது எப்படிம்மா போகும்?" என்றார் அண்ணி.

"மாடி கட்டறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கார். கெட்டுப்போனா பழைய நிலைக்கு வந்துடலாம்னு ஒரு ஜாக்கிரதை. வரைபடம் போடறவர் இல்லையா? மூலப் பிரதிமேல கோடு கிழிப்பாரா? மேல ஒரு டிரேசிங் தாள் வச்சுத்தானே போடுவார்? இதுவும் அப்படித்தான். ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷத்தோட பெரிய ஃபைல் நின்னுடும். அதுக்கப்புறம் பண்றதெல்லாம் பக்கத்துல தனி ஃபைல்ல சேரும். திறக்கறப்ப ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுக் காட்டும். நமக்கு ஒரே வீடாத் தெரியும்."

"ஸ்னாப்ஷாட் எடுத்தார்னு எப்படித் தெரியும்?" வக்கீல் விடவில்லை.

"சரியா மூடலைன்னு அது திட்டினதை வச்சு. மூடாம எழுந்திருக்காத மனுஷன். ஆனா ஓடிக்கிட்டிருக்கறப்பவே ஸ்னாப்ஷாட் எடுத்தா, பெரிய ஃபைல் அந்த ஓட்டத்துலயே உறைஞ்சுபோயிடும். அதை மட்டும் தனியாக் கொண்டுவந்து திறந்தா, பாதியில கரண்டு போன மிஷின் மாதிரிதான் எழுந்திருக்கும். மூலப் பிரதி இங்க வந்துடுச்சு. டிரேசிங் தாள் வரலை."

மகள் அழ ஆரம்பித்தாள்.

"பக்கத்துல ஒரு ஃபோல்டர் இருந்துச்சும்மா. பேரெல்லாம் எண்ணும் எழுத்துமா, வாயில நுழையலை. குப்பைன்னு நெனச்சேன். பெரிய ஃபைலை மட்டும் எடுத்தேன். நீ படிக்கட்டைக் காணோம்னு கத்தினப்பதான் நெஞ்சு பதறுச்சு. அதுக்குள்ள பழைய பெட்டியை எடைக்குப் போடச் சொல்லிட்டேன் சித்தப்பாகிட்ட. எப்படிச் சொல்லுவேன் உங்கிட்ட?"

அண்ணி மகளைப் பார்க்கவில்லை. கொழுந்தனைப் பார்த்தார். "இவ திட்டு வாங்கக் கூடாதுன்னு நீ பழியை ஏத்துக்கிட்டியா?"

"என்கிட்டதான் ஏற்கெனவே கோவமா இருக்கீங்களே. அதோட இதுவும் சேரட்டும்னு..."

"மடையா," என்றார் அண்ணி. அதில் கோபம் இல்லை.

"எடைக்குப் போட்டாச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

சோபாக்காரர் சட்டையில் இருந்த பஞ்சைக் கிள்ளினார். "போட்டுட்டேன்னுதான் இவகிட்ட சொன்னேன். அண்ணன் தொட்ட பொருளுங்க. தராசுல எப்படி வைக்கறது? பஞ்சு மூட்டைக்குப் பின்னால இருக்கு."

சோபாக் கடையில் பாதி தைத்த நாற்காலிகளுக்கு நடுவே பழைய பெட்டியை வைத்தார்கள். டாக்டர் முதலில் அந்த ஃபோல்டரை முழுவதும் நகல் எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் இயந்திரத்தை முடுக்கினார். இந்த முறை அது யாரையும் திட்டவில்லை. ஜன்னலில் சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. சோபாக்காரர் குனிந்து பார்த்தார். "மீசை வேற வச்சிருக்கான் பாவி," என்று முணுமுணுத்துவிட்டு, அங்கிருந்து நகர்ந்து போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

குழாய் சொட்டவில்லை. கூடத்தின் கடைசியில் படிக்கட்டு இருந்தது.

"நீங்களே ஏறுங்கம்மா," என்று டாக்டர் எழுந்து இடம் கொடுத்தார்.

அம்மா உட்கார்ந்தார். பொத்தானை ஒவ்வொரு தடவையாக அழுத்தினார். படிகள் கீழே போயின. கதவு வந்தது. அதில் பூட்டு இல்லை. திறந்தார்.

மேலே ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல் நிறத் தளம். வானத்துக்குக்கூட இன்னும் நிறம் கொடுக்கவில்லை. ஓரத்தில் ஒரே ஒரு பக்கம், பாதிவரை ஒரு கோடு இழுத்து விட்டிருந்தது.

வக்கீலுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இதற்காகவா இத்தனை பாடு என்று இருந்தது அவருக்கு.

"ரெடியாம் ரெடி," என்றார் அம்மா. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் புளுகியிருக்காரு மனுஷன். கைப்பிடிச் சுவர்கூட இல்லை. யாராவது விழுந்து வச்சா?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மௌஸைப் பிடித்தார். மெனுவில் எதையோ தேடினார், தவறானதைத் திறந்தார், மூடினார், பிறகு கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பாதிக் கோட்டின் முனையில் கர்சரை வைத்து, அங்கிருந்து மெதுவாக இழுத்தார். கோடு கோணலாகப் போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். நேராக வந்தது.

"அம்மா, அடுத்த வாரம் கிளம்பணுமே..." என்று மகள் மெல்ல ஆரம்பித்தாள்.

"சும்மா இருடி. நாலு பக்கமும் சுவர் எழும்பட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டேய், அந்த மெத்தை நாற்காலியை இப்படி இழுத்துப் போடு. முதுகு வலிக்குது."