நடந்துகிட்டே இருங்க!

கேமராவுக்கான கண்ணாடித் தகட்டில் குண்டூசியின் அப்பா மருந்தைப் பூசிவிட்டார். அது காய்வதற்குள் படம் எடுத்தாக வேண்டும். மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். மற்ற தகடுகள் எல்லாம் வண்டிக் குலுக்கலில் தூள்தூளாகிவிட்டன. இருப்பது இது ஒன்றுதான்.

எதிரே இடிந்த பழைய கோயில். சிற்பங்கள் நிறைந்த வாசல் மட்டும் நிமிர்ந்து நின்றது. பாலம் கட்டக் கல் வேண்டுமாம், இன்று அதையும் பிரிக்கப் போகிறார்கள்!

"மேஸ்திரி அண்ணே, ரெண்டே நிமிஷம் வேலையை நிறுத்துங்க," என்று அப்பா கெஞ்சினார்.

"முடியாதுங்க. பொழுது சாயறதுக்குள்ள வாசலை இறக்கணும்."

கல் சுமப்பவர்கள் பத்துப் பேர் வாசலுக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பதற்றத்தில் அப்பா, ஸ்டுடியோவில் கத்துவது போலவே கத்திவிட்டார்.

"யாரும் அசையாதீங்க!"

அவ்வளவுதான். தங்களைத்தான் படம் பிடிக்கிறார் என்று நினைத்து, பத்துப் பேரும் வாசலை மறைத்தபடி விறைப்பாக நின்றுவிட்டார்கள். ஒருவர் மீசையை வேறு முறுக்கிக்கொண்டார்.

"ஐயோ, விலகுங்க!"

"நீங்கதானே அசையாதீங்கன்னு சொன்னீங்க?" என்றார் மீசைக்காரர், உதடு அசையாமல்.

"நின்னது போதும், வேலையைப் பாருங்கடா!" என்று மேஸ்திரி அதட்டினார்.

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்துக் குண்டூசிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆள் அவ்வளவு ஒல்லி, அதனால்தான் அந்தப் பெயர்!

சட்டென்று அவளுக்கு வீட்டில் எடுத்த குடும்பப் படம் நினைவுக்கு வந்தது. தம்பி தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால், படத்தில் அவன் சட்டைக்கு மேலே வெறும் புகைதான் இருந்தது. அம்மா ஒரு வாரம் புலம்பினாள்.

"அப்பா, அசையாம நின்னாத்தானே படத்துல விழுவாங்க? நடந்துகிட்டே இருந்தா?"

அப்பா துள்ளி எழுந்தார். "விழமாட்டாங்க!"

குண்டூசி ஓடினாள். "மாமா, அண்ணா, யாரும் நிக்காதீங்க! நின்னா வாசல் மறைஞ்சுடும். நடந்துகிட்டே இருங்க!"

அப்பா லென்சின் மூடியைத் திறந்தார். அவள் நொடிகளை எண்ணத் தொடங்கினாள். நாற்பதில் மீசைக்காரர் மெல்ல நின்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவள் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நடங்க மாமா, நடங்க!"

நூற்று இருபது. அப்பா லென்சை மூடினார்.

தகட்டைக் கழுவ அப்பா, தான் அடித்திருந்த கறுப்புக் கூடாரத்துக்குள் ஓடினார். வெளியே குண்டூசி நகத்தைக் கடித்துத் தீர்த்தாள். கடைசியில் அவர் வந்து, படம் நன்றாகத் தெரிவதற்காகத் தகட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்தார். வாசல் பளிச்சென்று தெரிந்தது. மனிதர் ஒருவர்கூட இல்லை!

"என் மீசை எங்கே?" என்று மீசைக்காரர் தேடினார்.

மேஸ்திரி மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எட்டு நாளா இங்கேயேதான் நிக்கறேன். இந்த வாசல்ல இத்தனை சிலை இருக்கறதை இப்பத்தான் பாக்கறேன்."

பிறகு ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், கடப்பாரையைக் கீழே போடுங்க. ஒவ்வொரு கல்லா, கையால, மெதுவா இறக்குங்க!"