சம்மதச் செம்பு

நீதிமன்றமாகிவிட்ட கல்யாண மண்டபத்தில் மனிதர்களுக்கு நாற்காலி கிடையாது. மணமேடையில் நடுவர் கிடா அசைபோட்டபடி படுத்திருந்தது. அதன் கழுத்தில் மொழிப்பட்டை. தொண்டையின் அசைவைப் பேச்சாக்கும் கருவி. கீழே வெள்ளத்தாயும், கழுத்தில் மாலையோடு அவள் தம்பி சீனிச்சாமியும் நின்றார்கள்.

விலங்குகளுக்கு அறிவு வந்தது மனிதன் கண்டுபிடித்த மருந்தால். அந்த அறிவு வற்றாமலிருக்க மனித முதுகுத்தண்டிலிருந்து எடுக்கும் அறிவுநீர் வேண்டும். கொடுத்தவர் பிழைப்பதில்லை. ஆனாலும் ஆடுகளுக்கு நியாயம் முக்கியம். சம்மதமில்லாமல் யாரையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தன.

அந்தச் சட்டத்தில் வெள்ளத்தாய்க்கும் பங்கு உண்டு. பழைய பாவங்களுக்காக மனித இனத்தையே கூண்டில் ஏற்றியபோது அவள்தான் மனிதர் தரப்பு வக்கீல்.

"சாமிக்கு வெட்டுற ஆட்டக்கூட கேக்காம வெட்டுனதில்லய்யா. தலையில தண்ணி ஊத்துவோம். அது ஒடம்பச் சிலுப்புனா சம்மதம். அப்புறந்தான் அருவா" என்று வாதாடினாள். நம்பித்தான் சொன்னாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று சில செம்மறிகள் முணுமுணுத்தன, மற்றவை உருகிப்போயின. மனித இனத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. அந்த வழக்கமே சட்டமாகவும் ஆனது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அவளுக்கு அன்று உறைக்கவில்லை.

"எனக்குச் சம்மதமில்ல" என்றான் சீனிச்சாமி.

"வாய் ஆயிரம் சொல்லும் தம்பி. ஒடம்பு பொய் சொல்லாது" என்றது கிடா.

குரங்குச் சேவகன் செம்புத் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தான். மார்கழிக் காலை. சீனிச்சாமி கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தோள்கூட அசையவில்லை. தொட்டித் தண்ணீரில் அவனை நிறுத்திப் பழக்கியது வீண்போகவில்லை என்று வெள்ளத்தாய் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"சிலுப்பலய்யா. விட்டுருங்க."

கிடா அவள் பக்கம் திரும்பியது. "எங்களுக்கு ஒரு சந்தேகம், தாயி. ஆடு இப்பிடிச் சிலுப்பாம நின்னா உங்க ஊர்ல என்ன செய்வீக? அவுத்து விட்டுருவீகளா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்திலிருந்த மோப்பக்காவலர் மூக்கை உயர்த்தியது. கறுப்பு நாய். பொய் சொல்பவரின் வேர்வை அதற்கு நாறும். நாறினால் பொய் சொன்னவருக்கும், அவர் யாருக்காகச் சொன்னாரோ அவருக்கும் உடனே முதுகுத்தண்டில் ஊசி.

அவளுக்குக் கோயில் வாசல் நினைவுக்கு வந்தது. ஆட்டைச் சுற்றி நின்ற கூட்டம், காதுக்குள்ள ஊத்துங்கடா என்ற பெரியப்பா. சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று அவளும் அன்று அலுத்துக்கொண்டுதான் நின்றாள்.

"மறுபடியும் ஊத்துவோம்."

"எத்தன தடவ?"

தம்பி கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான்.

"சிலுப்புற வரைக்கும்யா" என்றாள்.

"அப்பச் சரி. வழக்கத்த மாத்தக்கூடாது" என்றது கிடா. சேவகன் அடுத்த செம்பை மொண்டான்.