காலியாக வந்த வண்டி

முகப்பு விளக்கின் வெளிச்சம் சாலையில் விழவில்லை, மரங்களின் கழுத்தில் விழுந்தது. அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். மேட்டின் அடியில் தாரின் மேல் ஒழுங்காகப் படிந்திருந்த வெளிச்சம், முதல் வளைவு தாண்டியதும், யாரோ வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக் கீழே அழுத்துவதுபோல, மெல்ல மெல்ல எழும்பிக் கிளைகளுக்குள் போய் நின்றது. அதோடு இழுவையும் போனது. மிதியை அடிவரை மிதித்தும் இன்ஜின் முனகியதே தவிர வண்டி ஊர்ந்துதான் ஏறியது.

"ஆரம்பிச்சிடுச்சு பாருண்ணே."

பக்கத்து இருக்கையில் இருந்த அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டான். பாதி ஆயுசைப் பழைய டீசல் வண்டிகளுக்கு அடியில் படுத்தே கழித்த மெக்கானிக். ஒரு வாரமாக இதைத்தான் துழாவுகிறான். ஃபில்டரை மாற்றினான். டேங்கைக் கழற்றிக் கழுவினான். குழாய் எங்கேயாவது காற்று இழுக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான். இன்று டேங்கையே நம்பாமல் பானட்டுக்குள் ஒரு கேனைக் கட்டி, அதிலிருந்து நேராக பம்புக்கு டீசல் விட்டிருந்தான். அப்படியும் இதே கதை.

"தள்ளி விட்டுடலாம்மா. காலையில பழைய இரும்புக்காரன் வரேன்னிருக்கான்."

"தள்ளி விட்டுட்டு? மறுபடியும் குவாரியில கல்லு சுமக்கவா? நீ வந்து சுமப்பியா?"

குவாரியிலிருந்து தப்பிக்கத்தான் அவள் இந்த வண்டியை வாங்கினாள். ஆலை ஆட்களை ஏற்றி இறக்கித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

தூறல் கூரையில் அரிசி கொட்டுவதுபோல ஓசையிட்டது. டீசல் வாடைக்கு அடியில் வேறொரு வாடை. குளத்தை வற்றடித்தால் அடிச்சேற்றிலிருந்து கிளம்புமே, அது.

"அண்ணே, புகையைப் பாரு."

அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "கன்னங்கரேல்னு கக்குது."

"டீசல் பத்தலைன்னா இப்படியா வரும்?"

"வராது. விக்கும், திக்கும், நின்னு போகும். இது..." அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். "இது முழு பாரம் ஏத்தினா வர்ற புகை."

"வண்டி காலியா இருக்கு."

"அதான்மா நானும் சொல்றேன்."

அவள் போன வாரத்தை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஆட்கள் அடைத்துக்கொண்டு ஏறிய நாட்களில் இந்த மேட்டில் வண்டி ஒரு முறைகூடத் திணறியதில்லை. காலியாக வந்த நாட்களில்தான் திணறியது. பின்னால் இடம் இருந்த நாட்களில்.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினாள். பின் டயர்கள் இரண்டும் பிதுங்கிக் கிடந்தன. கதவைத் திறந்தாள். பின் இருக்கையின் ரெக்ஸின் நடுவில் அகலமாகக் குழிந்திருந்தது. குழி சற்றே உயர்ந்தது, தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங் கிறீச்சென்றது.

"ஓடிடலாம்மா," என்றான் அண்ணன்.

"எதுக்கு ஓடணும்? யாரு வண்டி இது?"

பயம் இருந்தது. ஆனால் அதற்கும் மேலே கோபம் ஏறி நின்றது. கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, குழியைப் பார்க்காமல், இருக்கையை இறுக்கியிருந்த போல்ட்டுகளைக் கழற்றினாள். இருக்கையைத் தூக்கினாள். அசையவில்லை.

"ஓசி சவாரி! ஒரு வாரமா என் வண்டியில ஓசி சவாரி! எந்திரி!"

சட்டென்று இருக்கை தக்கையானது. அவள் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தாள். அண்ணனும் கைகொடுக்க, இருவருமாக இழுத்துப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். இருட்டைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

"உக்கார வேற இடம் பாத்துக்க!"

ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள். வெளிச்சம் சாலையில் விழுந்தது. வண்டி துள்ளியது. இரண்டாவது கியர். மூன்றாவது. மேடு கரைந்து போனது. புகை இல்லை, முனகல் இல்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தியாண்ணே? எவன் வருவான் இரும்புக்கு? வரட்டும், அவனையே எடைக்குப் போட்டு அனுப்புறேன்."

அண்ணன் சிரிக்கவில்லை.

அந்த வாடை. இப்போது பக்கத்திலேயே.

வெளிச்சம் அவன் பக்கமாகச் சரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இருக்கையோடு இருக்கையாக அழுந்திக் கிடந்தான். தொடைகள் இரண்டும் தட்டையாக விரிந்திருந்தன. சட்டை நெஞ்சுக்குள் பதிந்து நனைந்திருந்தது. மடியில் எதுவும் இல்லை. ஆனால் அவன் கைகள் அகலமான எதையோ வளைத்துக்கொண்டு காற்றில் நின்றன. விரல்கள் ஒன்றையொன்று எட்டவில்லை. வாய் திறந்திருந்தது. மூச்சு மெல்லிய விசிலாக வெளியே போய்க்கொண்டே இருந்தது. உள்ளே வரவில்லை.

"எறங்கு!" பிரேக்கை மிதித்தாள். "என் அண்ணனை விட்டு எறங்குடா!"

முஷ்டியை மடக்கி அவன் மடிக்கு மேலிருந்த வெறுமையில் குத்தினாள். கை குளிர்ந்த, வழவழத்த சதையில் மணிக்கட்டுவரை புதைந்தது. இழுத்தாள். வரவில்லை. மற்றொரு கையாலும் குத்தினாள்.

அது அசைந்தது.

இறங்கவில்லை. பின்னால் இன்னும் கொஞ்சம் சாய்ந்து, வசதியாக உட்கார்ந்துகொண்டது.